சடைநாயும் விக்டோரியா மகாராணியும்

நாவலப்பிட்டியில் வெள்ளைச் சடையும் கூர்மூக்கும் முதுகின் மேல் சுருண்ட வாலும் கொண்ட சிறு நாய் எதுவாயினும் அதற்குப் பெயர் 'பொமேரியன்'. கடைவீதி மாடி வீடுகளிலும் தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளிலும் இவற்றை நான் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அசல் பொமேரியன் மூன்று கிலோவைத் தாண்டுவது அரிது. நம்மவை அதைப்போல இரண்டு மடங்கு எடையுள்ளவை. ஸ்பிட்ஸ் வகையும் ஊர் நாயும் கலந்து பிறந்த பிள்ளைகள் என்று அவற்றைச் சொல்வதே பொருந்தும்.

பெயர் பால்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியா என்னும் நிலப்பகுதியிலிருந்து வந்தது. 1767இல் சார்லட் அரசி இங்கிலாந்துக்குத் தருவித்த பொமேரியன்கள் இன்றுள்ளவற்றைவிடப் பெரியவை. 1888இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்ற விக்டோரியா மகாராணி, 'மார்க்கோ' என்ற சிறிய பொமேரியனோடு திரும்பினார். அரசி வைத்திருந்தால் ஊரும் வைத்திருக்க வேண்டுமல்லவா? சிறியதே சிறந்தது என்றாகி, சில பத்தாண்டுகளில் அந்த இனமே சுருங்கிவிட்டது. 1901இல் மகாராணி இறந்தபோது கட்டிலில் அவரருகே கிடந்ததும் 'டூரி' என்ற பொமேரியன்தான்.

இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்து ஸ்பிட்ஸ் நாய்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1994இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் நடித்த 'டஃபி' அத்தகைய இந்திய ஸ்பிட்ஸ்.

நமது மலைகளில் நாய்க் கலப்பு புதிதன்று. 1848 முதல் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்காகவே கலப்பின நாய்களைப் படையாக வைத்திருந்தார். 1874இல் நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது. பத்தாண்டுகள் கழித்து அது ஹட்டனை எட்டும்வரை மேல் தோட்டங்களுக்குப் போகும் துரைமார் இறங்கிய கடைசி நிலையம் இதுதான். துரைசானிகளின் மடிநாய்களும் அவர்களோடு இறங்கியிருக்கும், பங்களா வேலியைத் தாண்டி லயத்து நாய்களோடு உறவு கொண்டிருக்கும் என்பது என் ஊகம். நாய்கள் வேலியையும் அந்தஸ்தையும் மதிப்பதில்லை.

சடைநாயின் குணம் அதன் ஸ்பிட்ஸ் முன்னோர் தந்தது. வடநாட்டுக் குளிரில் வீட்டையும் மந்தையையும் காத்த நாய்கள் அவை. காது கூர்மை, ஓயாத குரைப்பு, ஒருவரிடம் மட்டும் ஒட்டுதல், அந்நியர் மேல் சந்தேகம். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் எங்கள் பக்கத்தில் அந்தக் குரைப்பு பயனுள்ளதே. ஆனால் இரவில் விறாந்தையில் கட்டிப்போட்டால் காவலாளியே இரையாகிவிடும்.

கலப்பு நாய்க்கு நோய் அண்டாது என்பார்கள். பிரித்தானியாவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வொன்று, அங்கு விரும்பி வளர்க்கும் மூன்று கலப்பினங்களைத் தாய் தந்தை இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. பெரும்பாலானவற்றில் வேறுபாடே இல்லை. நம் சடைநாய்க்கும் சிறு நாய்களுக்குரிய குறைகள் உண்டு: முழங்கால் சில்லு விலகும், பல்லில் காறை படியும், மூச்சுக்குழாய் தளரும். இருமும் நாய்க்குக் கழுத்துப்பட்டியை விட நெஞ்சுப்பட்டியே நல்லது. நாவலப்பிட்டி மழையில் நனைந்த சடையைத் துவட்டாமல் விட்டால் தோல் புண்ணாகும். சடைக்குள் ஒளியும் உண்ணி, காய்ச்சலையும் இரத்தச்சோகையையும் கொண்டுவரும். ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் மிருக வைத்தியரிடம் உடனே ஓட வேண்டும்.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறொன்று. விசர்நாய்க்கடிக்கு எதிராக இலங்கையில் 1893இலேயே சட்டம் வந்தது. ஆயினும் 1973இல் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. குறைத்தது தடுப்பூசி. 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வது கைவிடப்பட்ட பின் ஊசியும் கருத்தடையுமே வழியாயின. இருந்தும் "எங்கள் பொமேரியன் வெளியே போவதில்லை, அதற்கேன் ஊசி?" என்று கேட்கும் படித்தவர்களை இன்றும் சந்திக்கிறேன். வெளிநாட்டுப் பெயர் வைரஸுக்குத் தெரியாது. படலை திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் வெளியே ஓடும் நாய்க்குக் கட்டாக்காலியின் ஒரு கடி போதும். பிறகு அது வீட்டுப் பிள்ளையின் கையைக் கவ்வும்போது, "சின்ன நாய்தானே, பல்தான் பட்டது" என்று மஞ்சள் பூசிவிடுகிறார்கள். நோய்க்குறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தவர் உலகிலேயே மிகச் சிலர். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடி பட்டவரைப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.