கலலாவ் பாதையும் பீலானியும்

ஹவாயின் கவாய் தீவில், கடலோரச் செங்குத்துப் பாறைகளை ஒட்டிப் போகும் 11 மைல் கலலாவ் பாதையில் தனியாக நடக்க என் மகன் திட்டம் போட்டான். முதல் 2 மைலைத் தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். மழை வந்தால் ஓடைகளைக் கடக்க முடியாது. கவலையில் அந்த இடத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

கூலாவ் என்பவருக்குத் தொழுநோய். மனைவியைப் பிரிந்து மொலோக்காய் தீவுக்குப் போகச் சொன்னது அரசு. அவர் மறுத்து, குடும்பத்தோடு கலலாவ் பள்ளத்தாக்கில் ஒளிந்தார். 1893ல் பிடிக்க வந்த துணை ஷெரீப்பைச் சுட்டுக் கொன்றார். பீரங்கியோடு வந்த படையாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. நோய் பிடித்தது, முதலில் மகன், பிறகு அவர். இருவரையும் புதைத்துவிட்டு, மனைவி பீலானி தன்னந்தனியாக ஊர் திரும்பினார்.

மகனுக்கு போன் போட்டு முழுக்கதையும் சொன்னேன். "தனியாகப் போகாதேப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுவாரம், அனுமதிச் சீட்டு இரண்டு பேருக்கு என்றான். மருமகளும் போகிறாள்.