கட்டடமும் கணக்கேடும்

கட்டட நிறுவனங்கள் இந்நாளில் தம் கொள்முதல், கூலி, சரக்கு இருப்பு, வேலை முன்னேற்றம் ஆகிய அனைத்தையும் கணினி மென்பொருளில் ஒருங்கே பதிய முற்படுகின்றன. ஒரே மென்பொருளை வாங்கிய இரு நிறுவனங்களுள் ஒன்று பயன் பெறுவதும், மற்றொன்று பணத்தைச் செலவிட்டபின் பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்புவதும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது? கருவி புதியது, வினாவோ மிகப் பழையது. கட்டட வேலையில் மக்கள் கணக்கு எழுதிய வரலாற்றை நோக்கின் இதற்கு விடை கிடைக்கும்.

ஒரே கல், ஒரே மரக்கால்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமான உச்சியில் வைத்தற்குரிய செப்புக்குடத்தை, முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010-இல் அளித்தான் எனக் கல்வெட்டு கூறுகின்றது. குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சும் அக்கணக்கில் விடுபடவில்லை. இதனினும் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்கோயிலுக்கு வந்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. நெல்லை அளக்க 'ஆடவல்லான்' என்னும் பெயரிலேயே மரக்கால் இருந்தது. எதனால் அளப்பது என்பதை முடிவு செய்த பின்னரே எவ்வளவு என்பதை எழுதினர்.

இன்றைய கட்டடக் களங்களில் இவ்வொழுங்கு அரிதாகவே காணப்படுகின்றது. சரக்கறைக்காரர் மணலை 'லாரி' கணக்கில் எழுதுவார். அளவையாளர் கனமீட்டரில் எழுதுவார். ஒரே கம்பியை ஒருவர் அங்குலத்தில் குறிக்க, மற்றொருவர் மில்லிமீட்டரில் குறிப்பார். இத்தகைய கணக்குகளைக் கணினியில் இட்டால் குழப்பமே விரைந்து பெருகும். பொருள்களுக்கு ஒரே பெயரும் ஒரே அளவும் வகுத்தல், மென்பொருள் வாங்குமுன் செய்யத்தக்க முதற் கடமையாகும்.

ஏட்டினால் உயர்ந்தோர்

அடுத்து நம் பினாங்கை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இந்தியக் கைதிகள் இங்கு நாடு கடத்தப்பட்டனர். 1825 ஏப்ரல் 18-இல் சென்னை மாகாணக் கைதிகள் எண்பதின்மர் சிங்கப்பூர் சேர்ந்தனர். சாலைகளும் பாலங்களும் அரசாங்கக் கட்டடங்களும் இவர்களது உழைப்பால் எழுந்தன. 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட சிங்கப்பூர் புனித ஆண்டுரூ பேராலயம் இவர்தம் கைவண்ணமே.

அக்கைதிகளை ஆறு வகுப்பினராகப் பிரித்திருந்தனர். விலங்கோடு வந்த புதியவர், பதிவேட்டில் நன்னடத்தை எழுதப்பட எழுதப்பட, வகுப்பு உயர்ந்தார். தக்கோர் திண்டல், தபேதார் என்னும் பதவிகளைப் பெற்றுத் தம் தோழரையே மேற்பார்த்தனர். மிக உயர்ந்த வகுப்பினர் அனுமதிச் சீட்டுடன் சிறைக்கு வெளியே வாழ்ந்தனர். இம்முறையை நடத்தியவர்களுள் ஒருவரான மேஜர் மெக்நாயர், 1899-இல் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். தண்டனை முறை ஒன்றை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் அதன் ஏட்டைப் பற்றி ஓர் உண்மையை மறுத்தற்கில்லை: அதில் எழுதப்படுவது தன் விலங்கைக் கழற்றும் என்பதைக் கைதி அறிந்திருந்தான்.

செக்ரோலும் அளவைப் புத்தகமும்

இதற்கு மாறான ஏட்டையும் நம்மவர் அறிவர். தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலில் பேர் போடுவார். முழுப்பேரா, அரைப்பேரா என்பது அவர் எழுதுகோலைப் பொறுத்தது. பாடுபட்டவர் எழுத்தறியாதவர், ஏட்டைப் பார்க்கவும் இயலாதவர். கூலி நாளன்று தொகை குறைந்தால் காட்டுதற்கு அவரிடம் சான்று எதுவுமில்லை. ஆதலின் அந்த ஏட்டைத் தொழிலாளர் அஞ்சினரே அன்றி நம்பவில்லை.

இந்தியாவில் டல்ஹௌசி பிரபு காலத்தில், 1850-களில் அமைந்த பொதுப்பணித் துறையில் வேரூன்றிய அளவைப் புத்தகம் வேறு இயல்பினது. முடிந்த வேலையை நேரில் அளந்தவரே அதில் மையால் எழுதுதல் வேண்டும். பிழை நேரின் சுரண்டி அழித்தலாகாது. கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பம் இடுதல் வேண்டும். அளவை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் குத்தகையாளரும் கையொப்பமிடுவார். அப்புத்தகத்தைக் கொண்டே அவருக்குப் பணம் வழங்கப்படும். இருதரப்பாருக்கும் ஒரே சான்று என்பதே அதன் வலிமை.

கணினியின் வருகை

உலகில் முதன்முதலாக வணிக வேலைக்குக் கணினியை வழக்கமாகப் பயன்படுத்தியது, இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனமாகும். அதன் 'லியோ' கணினி 1951-இல் ரொட்டிச்சாலைக் கணக்கை மேற்கொண்டது. ஆனால் அந்நிறுவனம் 1930-களிலேயே தன் அலுவலக முறைகளை ஆராய்ந்து சீர்செய்யத் தனிப் பிரிவு அமைத்திருந்தது. முறை முன்னே வந்தது. பொறி பின்னே வந்தது. கட்டுமானத்துக்கு நெருங்கிய முயற்சி, அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் 1957-இல் தொடங்கியதாகும். எவ்வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்பதைக் கணினியால் கண்டறியும் முறை அங்கே உருவாயிற்று. இன்றைய கட்டுமான மென்பொருள்கள் பலவற்றின் கால அட்டவணை அம்முறையின் வழிவந்ததே.

நம் நாட்டு நிலை

மலேசியப் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர்., மேற்சொன்ன மெக்நாயர் 1872-இல் முதல் தலைவராக அமர்த்தப்பட்டதையே தன் தொடக்கமாகக் கொள்கின்றது. கைதிகளின் பதிவேட்டைக் கையாண்டவரிடம் தொடங்கிய அத்துறை, இன்று தன் திட்டங்களைக் கணினி வழியே கண்காணிக்கின்றது. பெரிய அரசாங்கக் கட்டடங்களைக் கணினி மாதிரியில் அமைத்துக் காட்டும் முறையும் 2019 முதல் வற்புறுத்தப்பட்டு வருகின்றது.

சிறு குத்தகையாளர் பலரைக் கணினிக் கணக்கின்பால் திருப்பியது வரிச் சட்டமே. பொருள் சேவை வரி 2015 ஏப்ரல் 1-இல் வந்தது, 2018-இல் நீங்கியது. மின் விலைச்சீட்டு முறை 2024 ஆகஸ்டு 1-இல் பெரு நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்தது. வரிக்காக மட்டுமே வாங்கிய மென்பொருள் கணக்கரின் மேசையோடு நின்றுவிடும், களத்துக்குச் செல்லாது. களத்துக்குச் செல்லாத ஏடு, செலவு கைமீறியதை வேலை முடிந்த பின்னரே தெரிவிக்கும்.

பாலிக் புலாவ் மலைச்சரிவில் வீடு கட்டும் சிறு குத்தகையாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மழையால் ஏழு நாள் வேலை நின்றது. அந்நாள்களை அன்றன்றே படத்துடன் பதிந்திருந்தால் காலநீட்டிப்புக் கேட்க அவருக்குச் சான்றுண்டு. முடித்த வேலைக்குப் பணம் வராவிடில், 2014 ஏப்ரல் 15-இல் நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில் பணவழங்கீட்டுச் சட்டத்தின்கீழ் அவர் தீர்வு நாடலாம். அங்கேயும் ஏடே பேசும். ஏடு இல்லாதவர் நியாயம் இருந்தும் ஊமையராவார்.

ஆகவே மென்பொருளை நிலைபெறச் செய்ய விரும்பும் நிறுவனம் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். முதலில் ஒரு வேலைக்களத்தில் மட்டும் தொடங்குக. சில திங்கள் பழைய ஏட்டையும் உடன் எழுதி ஒத்துப் பார்க்க. அளந்தவரே பதியட்டும், அவருக்குப் புரியும் மொழியில் திரை அமையட்டும். வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளியரும் கூடி உழைக்கும் களங்களில் இது சிறிய செய்தியன்று. திருத்தங்கள் மறையாமல் நிற்கட்டும். தொழிலாளி தன் நாட்கணக்கையும் துணைக் குத்தகையாளர் தம் அளவையும் தாமே காண வழியிருக்கட்டும். முதலாளியும் வாய்மொழியால் கேட்பதை விடுத்து அப்பதிவைக் கொண்டே முடிவு செய்வாராக. தலைவர் பாராத ஏட்டை ஏனையோர் பேணுவதில்லை.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கண்டதைக் கண்டவாறு, நாளும் அளவும் இட்டு, ஐயமற எழுதும் பயிற்சி கட்டுரை வகுப்பிலேயே தொடங்குகின்றது. செக்ரோலைப் படிக்க இயலாது நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மேற்பார்வையாளராகவும் குத்தகையாளராகவும் களத்தில் நிற்கின்றனர். அவர்கள் கையிலுள்ள புதிய ஏடு செக்ரோலாகுமா, அளவைப் புத்தகமாகுமா என்பது பொறியைப் பொறுத்ததன்று. அதில் எழுதுவோருக்கும் எழுதப்படுவோருக்கும் அது ஒப்பச் சான்றாக நிற்குமாயின், அதனை எவரும் கைவிடார்.