பறக்கும் விமானந்தாங்கி

போர் விமானங்களை வானிலேயே ஏவி, வானிலேயே திரும்ப ஏற்றுக்கொள்ளும் பெரிய வான்கலமே பறக்கும் விமானந்தாங்கி. இந்த வரையறைக்கு முழுதும் பொருந்திப் பணியில் இருந்தவை அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரான், மேகன் என்ற இரு வான்கப்பல்கள். ஹீலியம் நிரப்பிய இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 239 மீட்டர் நீளம் கொண்டவை. வயிற்றுப்பகுதியில் ஸ்பேரோஹாக் என்ற சிறு விமானங்களைச் சுமந்தன. விமானி தன் விமானத்தின் மேலிருந்த கொக்கியை, வான்கப்பலிலிருந்து தொங்கிய சட்டத்தில் மாட்டி உள்ளே ஏறுவார். கேட்கும்போது இதுதான் ஆபத்தான வேலையாகத் தோன்றும்; பழகிய விமானிகளுக்கோ அது அன்றாடப் பணியாகிவிட்டது. கலங்களை அழித்தது காற்று. 1933 ஏப்ரல் 4 அன்று நியூ ஜெர்சிக்கு அப்பால் புயலில் ஏக்ரான் கடலில் விழுந்து, அதிலிருந்த 76 பேரில் 73 பேர் இறந்தனர். கடற்படை வான்பிரிவின் தலைவர் அட்மிரல் வில்லியம் மொஃபெட்டும் அவர்களில் ஒருவர். 1935 பிப்ரவரியில் கலிஃபோர்னியக் கரைக்கு அருகே கொந்தளிப்பான காற்றில் மேகனின் மேல்வால் முறிந்து, அதுவும் கடலில் விழுந்தது. இத்தனை பெரிய, எடை குறைந்த உடலைச் சூறைக்காற்று எளிதில் முறுக்கிவிடும். பருமன்தான் அதன் பலவீனம்.

பிற்காலத் தொழில்நுட்பம் இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று நம்புவோர் முதலில் எடைக் கணக்கைப் பார்க்க வேண்டும். இன்றைய பெரிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் எடை சுமார் 1,00,000 டன். அதைத் தாங்கக் கடல்நீர் எரிபொருள் கேட்பதில்லை. ஒரு கன மீட்டர் ஹீலியம் தூக்குவது ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே அதே எடையை வானில் நிறுத்த 10 கோடி கன மீட்டர், அதாவது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏக்ரான்களின் வாயு வேண்டும். இறக்கைகளை நம்பினால், மிதந்து நிற்பதற்கே இயந்திரங்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். உலகின் மிகக் கனமான விமானமாக இருந்த அன்டோனோவ் 225 கூட 640 டன்னோடுதான் புறப்பட்டது.

அணுசக்தி இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. 1960களின் இறுதியில் லாக்ஹீட் நிறுவனம் ஆராய்ந்த சிஎல்-1201 அந்த வழியில்தான் சிந்தித்தது: 340 மீட்டர் இறக்கை அகலம், 5,000 டன்னுக்கு மேல் எடை, 22 போர் விமானங்கள், வாரக்கணக்கில் தரையிறங்காத பயணம். அது காகிதத்தைத் தாண்டவில்லை. அதற்கு முன்பே அமெரிக்கா ஓர் அணு உலையை விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டுப் பார்த்திருந்தது. அந்த உலை விமானத்தை இயக்கவில்லை. ஊழியர்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் கவசத்தின் எடை தீராத சிக்கலாக இருந்தது. 1961இல் அணுசக்தி விமானத் திட்டமே கைவிடப்பட்டது. சுட்டு வீழ்த்தவென்றே எதிரி குறிவைக்கும் கலத்தில் அணு உலையை வைப்பது எந்த அரசும் ஏற்கத்தகாத துணிச்சல் என்றே கருதுகிறேன். மறைவும் இல்லை: கடலில் தொலைவிலுள்ள கப்பலைத் தரை ரேடாரிடமிருந்து பூமியின் வளைவு மறைக்கும், 10 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே ரேடாரின் நேர்பார்வைக்குள் வந்துவிடும்.

தேவையும் மறைந்துவிட்டது. 1948இல் அமெரிக்கா சோதித்த எக்ஸ்எஃப்-85 கோப்ளின் என்ற சிறு போர் விமானம், தாய் விமானத்தின் கீழிருந்த காற்றுச் சுழலில் கொக்கி மாட்டப் பலமுறை தவறியது; மறு ஆண்டு அத்திட்டம் முடிந்தது. அதே 1949இல் பி-50 குண்டுவீச்சு விமானம் ஒன்று வானிலேயே நான்கு முறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, தரையிறங்காமல் உலகைச் சுற்றி வந்தது. போர் விமானத்தின் எட்டும் தூரத்தை நீட்டத் தாய்க்கலம் தேவையில்லை, எரிபொருள் விமானம் போதும் என்று அது காட்டியது.

ஏவுவது மட்டும் வேறு கதை. 1941 ஆகஸ்டில் சோவியத் டிபி-3 விமானங்கள் சுமந்து சென்ற ஐ-16 விமானங்கள் ருமேனியாவின் செர்னவோடா பாலத்தைத் தாக்கின. பணி முடிந்ததும் அவை தாய்க்கலத்தைத் தேடாமல் தாமாகவே தளம் திரும்பின. இன்று அந்த இடத்துக்கு ட்ரோன்கள் வருகின்றன; அவற்றைத் திரும்ப ஏற்பதும் இயலும். அமெரிக்காவின் கிரெம்லின்ஸ் சோதனையில் 2021 அக்டோபரில் சி-130 சரக்கு விமானம் ஒன்று ஒரு ட்ரோனை வானில் பிடித்து உள்ளிழுத்தது. சாதாரணச் சரக்கு விமானமே ட்ரோன்களின் தாய்க்கலமாகும் காலம் நெருங்கியிருக்கிறது. ஆட்களோடு பறக்கும் ராட்சத விமானந்தாங்கிக்கு எதிர்காலப் போரில் இடமில்லை.