சுவடி முதல் மின்பாடம் வரை: கூட்டுழைப்பும் மூலபாடமும்

அண்மையில் பெங்களூரில் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைப் படிக்க நேர்ந்தது. புறநானூற்றுச் சான்றுகள் நாற்பதுக்கு மேல் காட்டப்பட்டிருந்தும், எப்பதிப்பு என்ற குறிப்பு ஓரிடத்தும் இல்லை. வினவியபோது, ‘இணையத்தில் எடுத்தேன்’ என்றார். அவரைக் குறைகூறுதல் எளிது. அல்சூரில் உள்ள தமிழ்ச் சங்க நூலகம் போன்ற சிலவற்றை விட்டால், இந்நகரில் பழம்பதிப்புகளை நாடிச் செல்ல இடங்கள் மிகுதியாக இல்லை. எனினும், அவர் எடுத்த பாடம் யாரால், எவ்வாறு உருவாயிற்று என்பது ஆய்வுக்குரிய வரலாறே ஆகும்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் இதனை முன்னின்று நடத்தினர். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் ஊதியமின்றித் தட்டச்சிட்டனர்; வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். முதலில் திஸ்கி முதலிய குறியீடுகளில் அமைந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நூலின் முகப்பிலேயே இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏட்டுப்பிரதி உதவியோரை ஊரும் பெயரும் சுட்டி நன்றியுடன் பதிவு செய்தார். பதிப்பு என்பது பலர் கைபட்ட பணி என்னும் உணர்வு அங்கேயே உண்டு. ஆனால் 1894இல் வெளிவந்த அவரது புறநானூற்றுப் பதிப்பில் பிரதிபேதங்களும் இடம்பெற்றன. மின்பாடங்கள் பலவற்றில் மூலம் மட்டுமே எஞ்சியது. உழைத்தவர் பெயர் நின்றது, பாடவேறுபாடு உதிர்ந்தது. இவ்விழப்பு சிறிதன்று என்பதே என் கருத்து.

தமிழ் விக்கிமூலம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது எனலாம். அங்கு அச்சுப்பக்கத்தின் படமும் எழுத்துவடிவமும் அருகருகே நிற்கின்றன. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பிலும், ஒருவர் பார்த்தது மஞ்சளிலும், மற்றொருவரும் சரிபார்த்தது பச்சையிலும் குறிக்கப்பெறும். ஒவ்வொரு திருத்தமும் நாளுடன் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்படியாக்கிய நாட்டுடைமை நூல்கள் அங்குப் பெருந்தொகையாகச் சேர்ந்துள்ளன. எப்பதிப்பு என்ற ஐயத்திற்கு அங்கு இடமில்லை. ஆயினும் ஒரு பதிப்பே அங்குக் காட்டப்படுகிறது. பிற பதிப்புகளோடு ஒப்புநோக்கல் ஆய்வாளன் கடனாகவே நிற்கிறது.

மேற்சொன்ன மாணவர் இப்போது விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறார். சென்ற வாரம் ஒரு சொல்லில் லகர ளகர மயக்கம் கண்டு திருத்தப் புகுந்தார். அந்நூலின் இறுதியில் அச்சிடப்பட்ட பிழைதிருத்தப் பட்டியலில் அச்சொல் இல்லை. அச்சிட்டவாறே விடுவதா, திருத்துவதா என உரையாடல் பக்கத்தில் வினவியுள்ளார். விடை இன்னும் வரவில்லை.