வாட்டு

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் நாட்டுக்கோழியை இறகு நீக்கி, மஞ்சள் பூசி, வைக்கோல் தீயில் வாட்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சிய மயிர் பொசுங்கும், தோல் இறுகும், ஒரு மணம் எழும். பிறகு கோழி துண்டுகளாகிக் குழம்புச் சட்டிக்குள் போய்விடும். வாட்டுதல் என்பது இன்று சமையலுக்கு முந்தைய துப்புரவு வேலை.

ஒரு காலத்தில் இச்சொல் ஓர் உணவின் பெயராக இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சேற்றிய பத்துப்பாட்டில் ஒன்று, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனை நாடிக் காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு, வழியில் எங்கெங்கே என்னென்ன சோறு கிடைக்கும் என்று அது சொல்லிச் செல்கிறது. மருதநிலத்து உழவர் வீட்டில் கிடைப்பது வெண்ணெல் சோறும் மனையில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டும்.

அதே பாட்டில் இன்னும் சிறிது தூரம் நடந்தால் அந்தணர் வீடு வருகிறது. அங்கே ஊன் இல்லை. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து, வெண்ணெயில் வேகவைத்திருக்கிறார்கள். கூடவே மாவடு ஊறுகாய்.

காரமான பழச்சாற்றைப் பூசிச் சுட்ட கோழியை இன்று உணவகங்களில் மேல்நாட்டுப் பண்டமாகவே உண்கிறோம். அதன் கூறுகள் அனைத்தும் இந்த ஒரே பாட்டில் இருக்கின்றன. தீயும் கோழியும் ஒரு வீட்டில். பழமும் காரமும் கொழுப்பும் மற்றொரு வீட்டில். இரண்டு அடுப்புகளும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டு வீட்டிலும் உண்டவன் பாணன் ஒருவனே. அச்சுவைகள் சந்தித்த இடம், ஊர் ஊராய் நடந்த அந்த ஏழையின் நாக்குதான்.

மலையில் இந்தப் பிரிவினை இல்லை. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் காட்டும் குறவர் விருந்தில் கடமான் இறைச்சியும் முள்ளம்பன்றி இறைச்சியும், புளியம்பழச் சாறும் மோரும், மூங்கிலரிசிச் சோறும் ஒன்றாகவே வருகின்றன. ஊனுக்குப் பழத்தின் புளிப்பு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை வைத்துக்கொண்டு 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டுவதற்கில்லை. அக்காலத்தில் காரம் என்றால் மிளகு. 'கறி' என்பதே அதன் பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே வந்த பண்டத்துக்கு மிளகின் பெயரை ஒட்டி மிளகாய் என்று பெயரிட்டு நமதாக்கிக்கொண்டோம். அன்னாசியும் அக்கண்டத்தின் கனியே. ஆனால் 'நம்மிடம் குழம்பு மட்டுமே உண்டு, சுடுவது பிறர் கலை' என்பதும் பொய். பெயர்ச்சொல்லாக இருந்த வாட்டு வினைச்சொல்லாக மட்டும் எஞ்சியபோது ஓர் உணவு நம் நினைவிலிருந்து நழுவியது. அவ்வளவே.

அதை மீட்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கெட்டியாகக் கரைத்த புளியில் வெல்லமும் மிளகுத்தூளும் உப்பும் இட்டுப் பாகுபோல் வற்ற விடவேண்டும். கோழி தணலில் முக்கால் பங்கு வெந்த பிறகே அதைப் பூசவேண்டும். முன்னரே பூசினால் வெல்லம் கருகிக் கசக்கும். வைக்கோல் தீ அணைந்ததும் கோழியைக் குழம்புக்கு அனுப்பிவிடாமல் இன்னும் சற்று நேரம் தணலில் விட்டுவைத்தால் போதும். பாணன் உண்ட வாட்டு நம் இலைக்கும் வந்துவிடும்.