சண்பகத்துக்கு ஏது செம்மை?

தம்பி மகன் தன் மகளின் பெயர்சூட்டு விழா அழைப்பிதழின் மெய்ப்பைக் கொண்டுவந்து நீட்டினான். குழந்தைக்கு எங்கள் அம்மா பெயர். ஆனால் தாளில் இருந்தது ‘ஷெண்பகா’.

“ஷ எதுக்குடா?”

“அதுதான் ஒரிஜினல் பெரியப்பா. சமஸ்கிருதத்துல அப்படித்தான்.”

கூடவே வந்திருந்த அவன் மாமனார் குறுக்கிட்டார். “சமஸ்கிருதமும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. சுத்தமான தமிழ்ப் பேரு. செம்மை கூட்டல் பகம். பெயர்ப் புத்தகத்துலயே போட்டிருக்கான்.”

இருவர் சொன்னதும் தவறு. சிறியவனை முதலில் முடித்துவிடலாம். வடமொழியில் அந்தப் பூவுக்குச் சம்பக என்று பெயர். ‘சக்கரம்’ என்பதில் உள்ள வல்லின ச. அங்கே ஷகரம் மருந்துக்கும் கிடையாது. ஷண்முகத்தைப் பார்த்துச் சண்பகத்துக்கும் கொம்பு வைத்தது நம்மவர்களின் கைங்கரியம். வடசொல்லை வடமொழிக்காரனே அறியாத எழுத்தில் எழுதுவதற்குப் பெயர் பற்றும் இல்லை, படிப்பும் இல்லை.

மாமனார் கதை வேறு. செம்மையோடு ஒரு சொல் பகரத்தில் தொடங்கிச் சேர்ந்தால் செம்பொன், செம்பருத்தி, செம்பாதி என்றுதான் வரும். செண்பொன் என்று எவனாவது எழுதியிருக்கிறானா? அவர் கணக்குப்படி செம்பகம் அல்லவா வரவேண்டும், ணகரம் எங்கிருந்து குதித்தது? பகமும் வடசொல்தான். அதற்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்றைச் சபையில் சொல்ல முடியாது. பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருப்பது நல்லது. செம்மைதான் வேண்டுமென்றால் செம்போத்துப் பறவை இருக்கிறது. செங்காவிச் சிறகு, ஈழத்தில் அதற்குப் பெயரே செண்பகம். பேத்திக்கு அதை வைத்துக்கொள்ளட்டும்.

சொல்லின் பழைய வடிவம் சண்பகம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறாரே, அதில் செருந்திக்கும் அதிரலுக்கும் பின்னால் வருவது சண்பகம்தான். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடிய பாட்டு அது. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பூ ஒன்றும் பட்டியலில் இருக்கட்டுமே என்று கபிலர் நினைத்தாரோ என்னவோ. சிலம்பின் வேனிற்காதையில் மாதவி கோவலனுக்குத் தாழை மடலில் கடிதம் எழுதுகிறாள். பித்திகை மொட்டுதான் எழுத்தாணி, செம்பஞ்சுக் குழம்புதான் மை. அந்த மடலைச் சுற்றிய மாலையிலும் முதலில் நிற்பது சண்பகம்.

உடனே தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: சகரம் அகரத்தோடு மொழிமுதல் வராது, ஆகவே செண்பகமே மூலம், சண்பகம் ஏடெழுதியவன் பிழை என்று. அப்படியானால் நற்றிணையில் உமணரின் சகடம் எந்த ஏட்டுப்பிழை? ச வராது என்ற விதி, ச-வில் தொடங்கும் சொல் வெளியிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியே தவிர, அதைத் திருத்த உரிமம் அல்ல.

பிறகு செ எப்படி வந்தது? ஜயம் செயமானது போல என்று ஒரு வாதம் உண்டு. ஜகம் செகமாயிற்று, ஜபம் செபமாயிற்று, சரி. கங்கை கெங்கையானதும் பலம் பெலமானதும் அதே கதை. இவை எல்லாம் மூலத்தில் மெல்லோசையாக ஒலிக்கும் எழுத்தில் தொடங்குபவை. சம்பகத்தின் ச அந்த இனமில்லை. சந்தனம் யார் வாயிலாவது செந்தனமாகி இருக்கிறதா?

செ வந்தது நிறத்தால். பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நுனிபோல ஒல்லியான இதழ்கள், பசும்பொன்னும் ஆரஞ்சும் கலந்த நிறம். காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் ஓரம் பழுத்துவிடும். அம்மா அதைத் தலையில் அதிகம் வைக்கமாட்டாள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுவாள், வீடே மணக்கும். அந்த நிறத்தைப் பார்த்தவன் காதில் சண்பகம் செண்பகமாக விழுந்ததில் என்ன வியப்பு? பெயர்ப் புத்தகக்காரன் மூலம் என்று நினைப்பது மருவல். மலையாளத்தானும் இதே செ-வை ஏற்றிச் செம்பகம் என்கிறான். ஆனால் மகரத்தை விடவில்லை. செம்பகராமன் அங்கே பட்டப் பெயர். தெலுங்கில் சம்பெங்க, கன்னடத்தில் சம்பிகெ. இவர்களுக்குச் செம்மையும் தட்டுப்படவில்லை.

செ வடிவத்தைத் தள்ளிவிட வேண்டியதும் இல்லை. வேங்கடத்தில் மரமாக நிற்க ஆசைப்பட்ட குலசேகராழ்வார் பாசுரத்தை நாம் செண்பகம் என்றுதான் ஓதுகிறோம். கோவில்பட்டியில் செண்பகவல்லி, குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி, மன்னார்குடிக்குச் செண்பகாரண்யம் என்ற பெயர். இத்தனை தெய்வங்கள் ஏற்றுக்கொண்ட எழுத்தை நான் யார் மறுக்க?

ஒரு எச்சரிக்கை. சம்பா என்று காதில் விழுந்ததெல்லாம் இந்தப் பூவல்ல. மணிமேகலையின் சம்பாபதி சம்பு என்னும் நாவல் மரத்தால் பெயர் பெற்றவள். பூக்கடையில் கிலோ கணக்கில் விற்கும் சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குச் செடி. வடக்கே சம்பா என்று சொல்லும் ஈழத்தலரியும் அமெரிக்கக் கண்டத்து மரந்தான். லாவோஸ் நாடு அதையே சம்பா என்று தேசிய மலராக வைத்திருக்கிறது. பெயர் மணத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

“எல்லாம் சரி, ணகரம் எப்படி வந்திச்சு? அதைச் சொல்லலையே” என்றார் மாமனார், விடாமல்.

சொன்னேன். நீர்க்கரையில் முளைக்கும் கோரைக்குச் சம்பு என்றும் பெயர், சண்பு என்றும் பெயர். சீர்காழிக்குச் சண்பை என்ற பெயரும் அந்தப் புல்லால்தான். சம்பந்தர் சண்பையர் கோன் ஆனதும் அதனால்தான். சம்பு சண்பாகும் நாவில் சம்பகம் சண்பகமாகும். வேறு விளக்கம் எனக்கு வேண்டாம்.

“ஒரு புல்லை வெச்சா இவ்வளவும் சொல்றீங்க?”

ஆமாம், எனக்கு அந்தப் புல் போதும். ஷ-வை அடித்துவிட்டுச் செ போட்டு மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மாவின் நிலப் பத்திரத்தில் சண்பகம் என்றுதான் இருக்கிறது. அதைத் தம்பி மகனிடம் சொல்லவில்லை.