இருமுறை வெறிச்சோடிய ஊர்: ஹோலஷோவிட்சேயின் நிலமும் வரலாறும்

சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் குடிவழியைத் தேடுவார்கள். முதலில் வந்தவர் யார், அவர் வழிவந்தோர் யார் என்று கேட்டு, அக்குடும்பங்களின் கதையையே ஊரின் கதையாகக் கொள்வார்கள். செக் நாட்டின் தென்போஹீமியாவில் உள்ள ஹோலஷோவிட்சே இந்த முறைக்கு அடங்காத ஊர். ஏழரை நூற்றாண்டு வரலாற்றில் அது இருமுறை தன் மக்களை இழந்தது; ஊரார் பேசும் மொழியும் இருமுறை மாறியது. ஆனால் இடைக்காலத்தில் வகுத்த ஊரமைப்பு மட்டும் இன்றுவரை குலையவில்லை. அதனால் இவ்வூரின் வரலாற்றை அதன் நிலத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

நிலமும் ஊரமைப்பும்

வல்தாவா ஆறு பாயும் செஸ்கே புடெயோவிட்சே நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் ஹோலஷோவிட்சே இருக்கிறது. சுற்றிலும் ஈரம் மிகுந்த தாழ்நிலம். நூற்றாண்டுகளாக மீன் வளர்க்கும் குளங்களுக்குப் பெயர்பெற்ற வட்டாரம். தெற்கே ப்ளான்ஸ்கி லெஸ் என்னும் காட்டுமலைத் தொடர் எழுகிறது. அதன் உச்சியான க்ளெட் 1084 மீட்டர் உயரம் உடையது.

ஊரின் நடுவே ஏறத்தாழ 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகமான மந்தைவெளி. அதில் ஒரு குளம், ஒரு சிற்றாலயம், ஒரு கொல்லன் பட்டறை. மந்தையைச் சுற்றிப் பண்ணை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மனையும் மந்தையை நோக்கிக் குறுகிய முகப்பைக் காட்டி, பின்னோக்கி நீண்டு செல்லும். ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் களஞ்சியம், இரண்டையும் இணைக்கும் மதிலில் வளைவு வாயில், உள்ளே முற்றமும் தொழுவமும், கடைசியில் கதிரடிக்கும் கொட்டகை. அதற்கப்பால் தோட்டம், தோட்டத்தைத் தாண்டி வயல்.

இந்த அமைப்பில் ஒரு நீதி இருக்கிறது. எந்த மனையைப் பெற்றவருக்கும் மந்தைப் பக்கம் ஒரு முகமும் வயற்பக்கம் ஒரு வழியும் கிடைத்துவிடுகின்றன. மேய்ச்சலும் நீரும் பொது. ஒரு மனை காலியானால், அதன் எல்லைக்குள் எவரையும் குடிவைக்கலாம்; அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் இல்லை. பின்னாளில் ஊர் மீண்டெழ உதவியது இந்தக் குணமே.

மடத்தின் ஊர்

எழுத்துச் சான்றுகளில் இவ்வூரின் பெயர் முதன்முதலாகக் காணப்படும் ஆண்டு 1263. போஹீமிய மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் 1292-இல் இதனை வேறு சில ஊர்களோடு சேர்த்து விஷ்ஷி ப்ரோட் மடத்துக்குத் தானமாக அளித்தார். ரோஸன்பெர்க் குலத்தவர் 1259-இல் நிறுவிய சிஸ்டெர்சியத் துறவியர் மடம் அது. 1848-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசில் நிலப்பிரபுத்துவ முறை ஒழியும்வரை, ஐந்தரை நூற்றாண்டுக் காலம் ஹோலஷோவிட்சே அந்த மடத்துக்குச் சொந்தமாக இருந்தது.

முதல் பேரிடி 1520-க்கும் 1525-க்கும் இடையே விழுந்தது. கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. உயிர் தப்பியவர்கள் இருவர் மட்டுமே. மாண்டவர்களின் நினைவாகப் பின்னர் ஒரு தூண் எழுப்பப்பட்டது. மடத்தார் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் குடியானவர்களை அழைத்துவந்து வெற்று மனைகளில் அமர்த்தினார்கள். 1530-இல் ஊரில் இருந்தவர்கள் 17 பேர். வந்தவர்கள் பேசியது ஜெர்மன்; சுற்றியிருந்த ஊர்கள் பேசியது செக். இப்படி ஹோலஷோவிட்சே செக் மொழிப் பரப்பின் நடுவே ஒரு ஜெர்மன் தீவாக வளர்ந்தது. 1895-இல் அங்கே 157 ஜெர்மானியர்களும் 19 செக் மக்களும் வாழ்ந்தார்கள். மொழி மாறியது, மனையெல்லை மாறவில்லை.

குடியானவரின் பரோக்

மந்தையில் நிற்கும் சிற்றாலயம் 1755-இல் கட்டப்பட்டது. புனித நெப்போமுக் யோவானுக்கு உரியது. மன்னர் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணையால் 1393-இல் ப்ராக் நகரில் வல்தாவாவில் எறிந்து கொல்லப்பட்ட குரு அவர். 1729-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவரை, வெள்ளத்திலிருந்து காப்பவர் என்று மக்கள் வணங்கினார்கள். குளங்களும் ஓடைகளும் சூழ்ந்த ஊர் அவரைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

இவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தவை வீட்டு முகப்புகள். வளைந்து நெளியும் உச்சிகள், வெளிர் வண்ணப் பூச்சின்மேல் சுதை அலங்காரங்கள், கட்டிய ஆண்டைத் தாங்கிய எண்கள் எனத் திருவிழாக் கோலம் பூண்டவை. கலை வரலாற்றார் இதனைத் தென்போஹீமிய நாட்டுப்புற பரோக் என்பார்கள். பெரும்பாலான முகப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரண்மனைகளிலும் பேராலயங்களிலும் பரோக் பாணி மங்கி நெடுநாளாகிவிட்ட காலம் அது. உழவர்கள் காலம் கடந்து ஒரு பழம்பாணியைப் பின்பற்றினார்கள் என்று இதைக் குறைவாக மதிப்பிடுவது பிழை. தலைமுறை தலைமுறையாக ஆண்டையின் நிலத்தில் உழைத்தவர்கள், தம் மண்ணுக்குத் தாமே உரியவர்கள் ஆன காலத்தில், ஆண்டைகளின் கட்டடங்களில் கண்ட அழகைத் தங்கள் களஞ்சியச் சுவருக்கும் உரியதாக்கிக் கொண்டார்கள். வீட்டுக்கு இருந்த அதே முகப்பு தானியக் களஞ்சியத்துக்கும் இருந்தது என்பது அவர்கள் உழைப்புக்கு அளித்த மதிப்பு.

இரண்டாம் வெறுமை

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேறினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். நாஜி ஆட்சியின் கொடுமைக்கு ஆளான ஒரு நாட்டின் சினம் அதன் பின்னே இருந்தது. நான்கு நூற்றாண்டாக ஒரே மண்ணை உழுத எளிய குடும்பங்களின் துயரமும் அதில் இருந்தது. இரண்டையும் சேர்த்தே வரலாறு பேசவேண்டும். ஹோலஷோவிட்சேயில் பல பண்ணைகள் ஆளின்றிக் கிடந்தன. கம்யூனிச ஆட்சியில் அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டவும் யாரும் முனையவில்லை. ஒரு வகையில், கைவிடப்பட்டதே பழைய முகப்புகளுக்குக் காப்பாக அமைந்துவிட்டது.

1990-க்குப் பிறகு வீடுகள் செப்பனிடப்பட்டன. மக்கள் திரும்பக் குடியேறினார்கள். 1998-இல் யுனெஸ்கோ இச்சிற்றூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இடைக்கால அமைப்பின்மேல் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் முழுமையாக எஞ்சியிருக்கும் நடு ஐரோப்பியச் சிற்றூர் என்பதே அதன் சிறப்பு.

செக் உழவர், பவேரிய, ஆஸ்திரியக் குடியேறிகள், மீண்டும் செக் மக்கள் என மூன்று வகையினரும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். ஒருவர் விட்டுச்சென்ற இடத்தில் மற்றவர் வந்தமர்ந்து, மந்தையைப் பொதுவாகவும் மனையை அளவாகவும் வைத்துக்கொண்டார்கள். ஊரின் மரபு இரத்தவழியாக மட்டுமே கைமாறும் என்னும் எண்ணத்தை ஹோலஷோவிட்சே மறுக்கிறது. பொதுநிலத்தை யாரும் தனதாக்கிக் கொள்ளாதவரை, புதிதாக வருகிறவரும் ஓர் ஊரின் வாரிசாக முடியும். மரபைக் காக்க விரும்புகிறவர்கள் சுவர்களுக்கு முன்பாகக் காக்கவேண்டியது அந்தப் பொதுவெளியைத்தான்.